கழுத்தில் தொங்கும் கேமரா

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் போகும்போது, கடையில் இருக்கும் புதுக் கேமராவை ஏக்கமாகப் பார்த்திருக்கிறீர்களா? 'அது மட்டும் கைக்கு வந்தால் நானும் ஒரு படம் எடுத்துடுவேன்' என்று தோன்றியிருக்குமே!

அப்போ இதைக் கேளுங்க. 2012இல் வெளிவந்த 'வழக்கு எண் 18/9' படம் நினைவிருக்கா? பாலாஜி சக்திவேல் இயக்கியது. அதை விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்தது கேனான் செவன் டி கேமராவில். ஆமாங்க, கல்யாண வீட்டில் 'கொஞ்சம் சிரிங்க' என்று சொல்லும் போட்டோக்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த மாதிரி ஸ்டில் கேமராதான்! தள்ளுவண்டிக் கடையில் வேலை பார்க்கும் பையனின் கதைக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

அது சரி, உங்க பீரோவில் தூங்குகிற கேமராவில் கடைசியாக என்ன எடுத்தீங்க?