உங்களுக்குத் தெரியுமா? பக்கத்திலேயே ஒரு வாவி நகரம்!

கல்முனையில் பஸ் ஏறுங்கள். சுமார் 40 கிலோமீட்டர்தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடிபட்ட மட்டக்களப்பு!

அந்த வாவியின் நீளம் 56 கிலோமீட்டர்! தெற்கே நீண்டு வந்து நம்ம கிட்டங்கிப் பாலத்தையும் தொடுகிறது!

குருமண்வெளியில் 'பாதை' என்ற மிதவையில் ஏறினால் மோட்டார் சைக்கிளோடு மண்டூர்க் கரை!

ஒல்லாந்துக் கடலோடி ஸ்பில்பெர்கன் கண்டி அரசனைப் பார்க்கப் போனது மட்டக்களப்பில் இறங்கித்தான். வருஷம் 1602!

போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628. ஒல்லாந்தர் பிடித்தது 1638. பத்தே வருஷம்! இலங்கையில் ஒல்லாந்தரிடம் விழுந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான்!

முழுநிலவு இரவு. கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்துங்கள். துடுப்பின் ஒரு முனை தண்ணீரில், மறுமுனையில் உங்கள் காது. வீணைத் தந்தியைத் தொட்டுவிட்டது மாதிரி ஒரு ரீங்காரம், பாடும் மீனின் பாட்டு என்பார்கள்! எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இதைக் கேட்டுவிட்டு 1859இல் வந்த தன் நூலில் எழுதியே வைத்தார். ஊர்க்காரர் அவருக்கு எடுத்துக் காட்டியது மீனை இல்லை, ஊரி என்ற நத்தையை!

யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகள் பிறந்தது நம்ம காரைதீவில், 1892இல். அவர் அடக்கமாகியிருப்பது அந்தப் பாடும் மீன் வாவிக் கரையில், கல்லடியில்!

இதே மாதிரி இத்தாலியின் வடக்கிலும் மாந்துவா என்றொரு ஏரி நகரம். உலக மரபுரிமைப் பட்டம் 2008இல். அந்த ஏரிகள் 12ஆம் நூற்றாண்டில் ஆற்றை மறித்து மனிதர் உண்டாக்கியவை. நம்ம வாவி படைத்தவன் தந்தது!

மாந்துவாக்காரர் பூசணியையும் பாதாம் பிஸ்கட்டையும் மாவுக்குள் பொதிந்து அவிப்பார்கள். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் இரவு அதுதான் விருந்து!

மட்டக்களப்புக்குப் போனால் எருமைத் தயிரை விடாதீர்கள்! பசுப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம். எருமைப் பாலில் 7, 8! மண்சட்டி தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சத் தயிர் இறுகும். மேலே ஆடை, கீழே வெட்டி எடுக்கிற கட்டி. கித்துள் பாணியைச் சுற்றி ஊற்றுங்கள். சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாது!

திரும்பி வரும்போது காத்தான்குடியில் இறங்கிப் பாருங்கள். பிரதான வீதி நடுவே வரிசையாகப் பேரீச்ச மரம். வெறும் அழகுக்கு என்றா நினைத்தீர்கள்? குலை குலையாய்க் காய்க்கிறது!