பம்பிங் குறையும்போதே கேட்க வேண்டிய கேள்வி

உள்ளே ஒரு மோட்டார்

கோவைப் பக்கம் ‘இதயச் செயலிழப்பு’ என்று யாரும் சொல்வதில்லை. “பம்பிங் இருபதுதான் இருக்குதாமா” என்பார்கள். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர், சத்தத்தை வைத்தே கிணற்று மோட்டாரின் கோளாறைச் சொல்லிவிடும் ஊர். அந்தச் சொல் இங்கே இயல்பாக ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. பம்பிங் மிகவும் குறைந்த இதயத்துக்கு நிஜமாகவே ஒரு பம்பு பொருத்தலாம். ‘எல்வேட்’ எனப்படும் அந்தக் கருவி, இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை எடுத்து மகாதமனிக்குள் தள்ளுகிறது. எல்வேட் வகைகளில் ஒன்றான ஹார்ட்மேட் 3இன் எடை சுமார் 200 கிராம். அதன் சுழலி எதன்மீதும் உரசாமல் காந்த விசையில் மிதந்தபடி சுழல்வதால், உள்ளே ரத்தம் உறைவது பழைய கருவிகளைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது.

தாமதம்தான் எதிரி

இந்தச் சிகிச்சையை ‘எல்லாம் கைவிட்ட பிறகு’ என்று நினைப்பதுதான் பெரிய தவறு என்பேன். மாற்று இதயத்துக்குத் தகுதி பெறாத நோயாளிகளிடம் நடந்த ரீமேட்ச் ஆய்வு 2001இல் வெளிவந்தது. மருந்தை மட்டும் நம்பியவர்களில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 25 சதவீதம். அந்தக் காலத்துக் கரடுமுரடான கருவியைப் பொருத்திக்கொண்டவர்களில் 52 சதவீதம். ஹார்ட்மேட் 3 பெற்றவர்களிலோ ஐந்தாண்டு கடந்தவர்களே சுமார் 58 சதவீதம் என்கிறது மொமென்டம் 3 ஆய்வு. ஆனால் ரத்த அழுத்தம் சரிந்து, ஐ.சி.யூ.வில் சிறுநீரகமும் கல்லீரலும் தளர்ந்த நிலையில் அறுவை மேசைக்கு வருபவர்களுக்கு இந்த வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. கருவி இடப்பக்கத்தை மட்டுமே தாங்கும். வலப்பக்க இதயம் ஓரளவு தெம்போடு இருந்தாக வேண்டும். ஓராண்டில் இரண்டு முறை மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆவது, நீர் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போவது, ரத்த அழுத்தம் தாங்காமல் இதய மருந்துகளைக் குறைக்க நேர்வது, கிரியாட்டினின் கூடுவது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வால்பாறையிலோ தாராபுரத்திலோ இருப்பவர் அடுத்த மூச்சுத்திணறலுக்காகக் காத்திருக்காமல் இதயச் செயலிழப்பு நிபுணரிடம் போய்க் கேட்டுவிட வேண்டும்.

பணமும் பேட்டரியும்

“ஒரு கோடிக்கு எங்கே போவது?” என்ற கேள்வி நியாயமானது. செலவு ஏறக்குறைய அந்த அளவுதான். முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரைதான் கிடைக்கிறது. தோட்டத்தை விற்றாவது செய்யுங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சீக்கிரம் போய்க் கேட்பதற்குக் கோடி தேவையில்லை. திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 2013இல் சேர்ந்த 1,205 பேரில், பம்பிங் குறைந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் முறையான மருந்துகள் முழுமையாகக் கிடைத்திருந்தன. மூன்றாண்டுக்குள் சுமார் 45 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். உரிய நேரத்தில் நிபுணரைப் பார்ப்பவர்களில் பலருக்கு மருந்துகளைச் சீராக்கினாலே போதும் என்று தெரியவரும். சிலருக்கு மாற்று இதயத்துக்கான அரசுப் பதிவில் இடம் கிடைக்கும். கருவியே வேண்டியிராதவர்களுக்கும் அந்தப் பயணம் வீண் போகாது.

“வயரோடு வாழ்வதா?” என்பது அடுத்த தயக்கம். கருவியை வெளியிலுள்ள பேட்டரியோடு இணைக்கும் ஒரு வயர் வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும். அந்த இடத்தில் வியர்வையும் மண்ணும் பட்டால் கிருமி புகும்; தினமும் கவனிப்பு வேண்டும், கிணற்றில் குதித்து நீந்த முடியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்கியாக வேண்டும், அதனால் ரத்தக்கசிவு வரலாம். பக்கவாதத்தின் அபாயமும் முழுவதும் நீங்கவில்லை. பலருக்கு மணிக்கட்டில் நாடியே தட்டுப்படாது, இது தெரியாத ஆம்புலன்ஸ் ஊழியர் பதறிவிடக்கூடும். இவ்வளவும் கேட்டபிறகு ஒரு முதியவர் வேண்டாம் என்று சொன்னால், அந்த முடிவுக்கும் மருத்துவர் துணை நிற்க வேண்டும். மின்வெட்டைப் பற்றி மட்டும் அஞ்ச வேண்டியதில்லை: முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு ஜோடி பேட்டரி 17 மணி நேரம் வரை தாங்கும். மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதிதைப் பொருத்தி, அதன்பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

எக்கோ ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு நிபுணரிடம் போகும் அந்த முதல் நாளில், நோயாளியோடு மனைவியும் மகனும் உட்கார்ந்து கேட்கட்டும். பேட்டரி மாற்றவும் கட்டுப்போடவும் பழக வேண்டியவர்கள் அவர்கள்தான்.