பசியில்லாத மீனுக்குத் தூண்டில்

குவைத்தில் ஆறு என்று ஒன்று கிடையாது. ஃபர்வானியாவில் நாம் போடும் டீக்கான தண்ணீர் கடலிலிருந்து எடுத்து, ஆலையில் உப்பு நீக்கி, குழாயில் வருவது. 1950-களில் அந்த ஆலைகள் வரும்வரை ஷத் அல் அரப் ஆற்றிலிருந்து மரக்கலங்களில் தண்ணீர் ஏற்றிவந்து குவைத் நகரில் விற்றார்கள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஆற்றில் சால்மன் பிடிக்கும் பயணங்களைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பயணங்களைப் பற்றிக் கேள்விப்படும் எல்லோரும் கேட்கும் கேள்வி நல்ல கேள்வி. ஸ்காட்லாந்திலோ கனடாவிலோ செப்டம்பர், அக்டோபர் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். பக்கத்தில் சம்பளத்துக்கு ஒரு வழிகாட்டி. பேர்போன ஆறுகளில் ஒரு நாள் கட்டணமே நம்மில் பலருடைய மாதச் சம்பளத்தைத் தொடும். மீன் கிடைத்தால் அதைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். எதற்காக?

முதலில் மீனைத் தெரிந்துகொள்வோம். ஜமியா என்னும் கூட்டுறவுக் கடையின் குளிர்பெட்டியில் ஆரஞ்சு நிறத்தில் துண்டு போட்டு வைத்திருக்கும் சால்மன் ஆற்றில் பிடித்ததல்ல. அது பெரும்பாலும் நார்வேயின் கடற்கழிகளில் வலைக்கூண்டு கட்டித் தீவனம் போட்டு வளர்த்த மீன். நாம் பேசப்போவது அதன் காட்டுச் சொந்தக்காரரைப் பற்றி.

காட்டுச் சால்மன் பிறப்பது ஆற்றில். குளிர்ந்த, வேகமான ஓடையின் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டை பொரிந்து, குஞ்சு ஒன்றிரண்டு ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும், அங்கேயே வளரும். பிறகு உடம்பு வெள்ளிபோல மாறி, கடலுக்கு இறங்கும். கடலில் ஓரிரு ஆண்டோ அதற்கு மேலோ தின்று கொழுக்கும். கடைசியில் முட்டையிடுவதற்குத் தான் பிறந்த அதே ஆற்றுக்குத் திரும்பும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிய மீனுக்கு ஊர் எப்படித் தெரிகிறது? கடலில் பூமியின் காந்தப் புலம் திசை சொல்கிறது. கரைக்கு அருகே வந்ததும் மூக்கு வேலையை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஆற்றுக்கும் அதன் மண்ணும் செடியும் சேர்ந்து தரும் ஒரு வாசனை உண்டு; குஞ்சாக இருக்கும்போதே மீன் அதை மனத்தில் பதித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹாஸ்லர் 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் சோதனை செய்து இதைக் காட்டினார். ஒரு ரசாயனத்தின் வாசனையில் பழக்கி வளர்த்த குஞ்சுகள் பெரிதானதும் அந்த ரசாயனம் கலந்த ஓடையைத் தேடி வந்தன.

இப்படி ஒரு மீன் நம் பக்கத்திலேயும் இருக்கிறது. குவைத் மீன் சந்தையில் சுபூர் என்பார்கள். ஃபர்வானியாவில் இருக்கும் வங்காளதேச நண்பர்களிடம் இலிஷ் என்று சொன்னால் முகம் மலரும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் அதுவே உல்லம். முள் அதிகம், எண்ணெய் அதிகம், ருசியும் அதிகம். இந்த வளைகுடாவில் வளரும் சுபூர், வசந்தத்திலும் கோடையிலும் ஷத் அல் அரப் வாயில் நுழைந்து முட்டையிட மேலேறுகிறது. டைகிரிஸும் யூப்ரடீஸும் குர்னாவில் சேர்ந்து உண்டாகும் அந்த ஆறு கடலில் விழும் இடம், ஃபர்வானியாவிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள்தான். தண்ணீர் ஏற்றிக்கொண்டு திரும்பிய மரக்கலங்களுக்குக் கீழேயே இந்த மீன்கள் எதிர்த்திசையில் நீந்திக்கொண்டிருந்திருக்கும். ஆனால் சுபூர் தண்ணீரிலிருந்து நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன். அதைப் பிடிப்பது வலையால். சால்மனோ கடலில் மற்ற மீன்களை விரட்டித் தின்னும் வேட்டைக்காரன். அதனால்தான் அதற்குத் தூண்டில்.

நாம் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். நம்மூர் வாய்க்கால் கரையில் மீன் பிடித்திருப்போம். முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி, தண்ணீரில் போட்டுக் காத்திருப்போம். கெளுத்தியோ கெண்டையோ பசியோடு வரும், புழுவை விழுங்கும், தக்கை அமுங்கும். தூண்டில் என்றால் பசித்த மீனை ஏமாற்றுவது என்று நம் கைக்கே தெரியும். சால்மனும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். நல்ல இரையாகப் போட்டால் மாட்டும், வழிகாட்டி அந்த இரை ரகசியம் தெரிந்தவர் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

உண்மை வேறு. முட்டையிட ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் சாப்பிடுவதில்லை. கொஞ்சமாகச் சாப்பிடுகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. அதன் இரைப்பையே சுருங்கிப்போகிறது. ஆற்றில் பிடித்த சால்மனை அறுத்துப் பார்த்தால் வயிறு காலியாகத்தான் இருக்கும். கடலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் அது மேலேறுகிறது. வசந்தத்திலேயே ஆற்றுக்கு வந்துவிட்ட மீன், நவம்பரில் முட்டையிடும்வரை மாதக்கணக்கில் பட்டினி. இதற்கிடையில் உடம்புக்குள் பெரிய வேலை நடக்கிறது. கடலில் இருந்தவரை மீன் தண்ணீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஆற்றில் அப்படியே தலைகீழ். குடிப்பதை நிறுத்துகிறது, செவுள் உப்பை உள்ளே இழுக்கிறது, சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஆண் மீனின் கீழ்த்தாடை கொக்கிபோல வளைந்து நீள்கிறது. வெள்ளி உடம்பு செம்பு நிறமாகவும் பழுப்பாகவும் மாறுகிறது. சேர்த்துவைத்த கொழுப்பெல்லாம் முட்டைக்கும் விந்துக்கும் நீச்சலுக்கும் போய்விடுகிறது. யோசித்துப் பார்த்தால் இந்தப் பட்டினியில் ஒரு நியாயமும் இருக்கிறது. முழங்கை நீள மீன்கள் ஆயிரக்கணக்கில் வந்து அந்தச் சிறிய ஓடைகளில் சாப்பிட ஆரம்பித்தால், முதலில் காலியாவது அவற்றின் குஞ்சுகள்தான்.

சரி, பசியில்லாத மீன் முள்ளை ஏன் கவ்வுகிறது? இதற்குத் தூண்டில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று பதில் சொல்லி வாதாடுகிறார்கள். குஞ்சாக இதே ஆற்றில் பூச்சி பிடித்துத் தின்ற பழக்கம் என்பார் ஒருவர். தன் இடத்துக்குள் வந்ததை விரட்டும் கோபம் என்பார் இன்னொருவர். கை இல்லாத மீன் எதையும் வாயால்தானே தொட்டுப் பார்க்கும் என்பார் மூன்றாமவர். என் எண்ணத்தில் மூன்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரவு பஸ்ஸில் அசந்து தூங்குபவரின் முகத்தில் திரைச்சீலை உரசினால், கண் திறக்காமலே கை அதைத் தட்டிவிடும் அல்லவா? அவர் எதையும் தேடவில்லை, கை தானாக எழுந்தது. ஆற்றில் இளைப்பாறும் சால்மனின் வாயும் ஏறக்குறைய அப்படித்தான் எழுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மீனுக்குப் பசி இல்லாததால் இரையின் ருசிக்கும் மணத்துக்கும் வேலையில்லை. அதனால்தான் சிறு முள்ளில் இறகும் ரோமமும் பளபளக்கும் நூலும் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சியே போதுமானதாகிறது. ஃப்ளை என்பது அதுதான். அசையும் வேகமும் போகும் ஆழமும் சரியாக இருந்து, மீனின் முகத்துக்கு நேரே கடந்துபோனால் போதும். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மீனின் முகம் எங்கே இருக்கிறது?

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இந்தக் கேள்விக்காகத்தான். ஸ்காட்லாந்தில் இவரைக் கில்லி என்பார்கள். மேலேறும் சால்மன் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. மடுவுக்கு மடு நின்று நின்று போகும். பாறைக்குப் பின்னால், மடு ஆழம் குறைந்து வழியும் விளிம்பில், வேகநீரும் மந்தநீரும் உரசும் கோட்டில், அதிகம் நீந்தாமல் நிற்க முடிகிற இடமாகப் பார்த்துத் தங்கும். இந்த ஆண்டு ஒரு மீன் நின்ற அதே கல்லுக்குப் பின்னால் அடுத்த ஆண்டு வேறொரு மீன் நிற்கும். நீர்மட்டம் ஒரு சாண் ஏறினால் அந்த இடங்கள் மாறிவிடும். கில்லி காலையில் முதலில் பார்ப்பது கரையில் நட்ட அளவுகோலை. மழைபெய்து வெள்ளம் வரும்போது மீன்கள் நகரும்; கலங்கிய நீரில் எதுவும் கண்ணில் படாது. வெள்ளம் வடிந்து, தண்ணீர் தேநீர் நிறத்துக்குத் தெளியும் அந்தச் சில மணி நேரம்தான் பொன்னான நேரம். அவர் கை காட்டும் இடத்துக்குச் சற்று மேலே நின்று, ஆற்றுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கீழ்நோக்கி வீச வேண்டும். ஃப்ளை நீரோட்டத்தோடு வில்போல வளைந்து கரைக்கு வரும். இரண்டடி கீழே நகர்ந்து திரும்ப வீச வேண்டும். ஒரு மடுவுக்கு நூறு முறை வீசினாலும் ஒன்றும் நடக்காமல் போகலாம். நடந்தால், நம் கெண்டைப் பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்துவிடக் கூடாது. மீன் கவ்வித் திரும்பும்வரை கை பொறுக்க வேண்டும். கில்லிகள் வருகிறவர்களிடம் அதிகமாகச் சொல்லும் பாடம் இது.

பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் இன்றுவரை பெரியது இப்படிப்பட்ட இலையுதிர் கால நாளில் கிடைத்ததுதான். 1922 அக்டோபர் 7, ஸ்காட்லாந்தின் டே ஆறு. அந்த ஆற்றில் பருவம் முடிய ஒரு வாரமே பாக்கி. ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் படகில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்க, கில்லியாக வேலை பார்த்த அவருடைய அப்பாவே துடுப்பு வலித்தார். மாலையில் மாட்டிய மீன் இருவரையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆற்றோடு இழுத்து, இருட்டிய பிறகுதான் கரையேறியது. எடை 64 பவுண்டு, ஏறக்குறைய 29 கிலோ. மீனைப் பெர்த் நகர மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள். சாதனை அவர் பேரில் பதிவானது. படகை அந்த மடுவுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திய கை அப்பாவுடையது.

இன்று அதே நாட்டில் தூண்டிலில் வரும் சால்மன்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் திரும்ப ஆற்றுக்கே போகின்றன. தூண்டிலில் பிடித்ததை விற்பது 2002 முதல் அங்கே குற்றம். கொழுப்புக் கரைந்த இலையுதிர் கால மீனின் சதை வெளுத்து ருசியில்லாமல் இருக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: அந்த வயிற்றில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கின்றன, மீன்களோ குறைந்துகொண்டே வருகின்றன. 2024 ஜூனில் மீன் வரத்து மோசமாகக் குறைந்ததைப் பார்த்த நார்வே அரசு, பருவத்தின் நடுவிலேயே 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை நிறுத்தியது. கடல் சூடாவது, வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து பரவும் பேன், தப்பிவந்து கலக்கும் வளர்ப்பு மீன் என்று காரணங்கள் பல.

வழியை அடைப்பதும் ஒரு காரணம், அது நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒருகாலத்தில் உல்லம் மேலேறியது. 1836-இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய அணைகளால் தஞ்சை வயல்கள் செழித்தன. மேலேறும் மீனுக்கு அணைகள் சுவராகின்றன என்று மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே 1873-லேயே எழுதினார். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளமும் அளவுக்குள் அடங்கியது, உல்லமும் அருகிப்போனது. கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்ததும் அலகாபாத்வரை போய்க்கொண்டிருந்த இலிஷ் கீழேயே நின்றுவிட்டது. ஷத் அல் அரப்பில் இப்போது மேலிருந்து வரும் நன்னீர் குறைந்து கடல் உள்ளே ஏறுகிறது. 2018 கோடையில் அதன் கரையிலுள்ள பாஸ்ரா மக்களுக்கே குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. சுபூர் தேடிவரும் ஆறும் அதுதான். பசியைத் தாங்கும் மீன் எவ்வளவு தூரமும் ஏறும். தண்ணீர் வராத இடத்துக்கு அது எப்படி ஏறும்? அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தத் தண்ணீரில் விளைந்ததைத் தின்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் மீனுக்கும் கொஞ்சம் தண்ணீரும் ஒரு வழியும் விட்டுக் கட்ட முடியும் என்பதை நாம் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும்.

நம்மில் பலருக்குக் கனடாவில் சொந்தம் உண்டு. ஒன்டாரியோ ஏரியில் பூர்வீகமாக வாழ்ந்த அட்லாண்டிக் சால்மன், ஆலைகளுக்காக ஓடைகளை அடைத்ததாலும் காடுகளை அழித்ததாலும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அற்றுப்போனது. 1960-களின் இறுதியிலிருந்து பசிபிக் பக்கத்துச் சினூக் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் அவை டொரோண்டோவின் ஹம்பர் ஆற்றிலும், தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவின் ஹைலண்ட் ஓடையிலும் ஏறும். முட்டையிட்டதும் சினூக் இறந்துவிடும். அந்தப் பயணம் அதற்கு ஒரு முறைதான். அந்த மாதங்களில் அங்கே போக வாய்த்தால் ஹம்பர் ஆற்றின் ஓல்ட் மில் தடுப்பருகே நின்று பாருங்கள், மீன்கள் துள்ளி ஏறுவதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. தூண்டில் போடுவதென்றால் உரிமம் எடுத்து, எந்த இடத்தில் தடை என்று கேட்டுக்கொண்டு, எதிர்முள் இல்லாத முள்ளைக் கட்டுங்கள். பிடித்த மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காமல், தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்து, அதுவாக வாலடித்துப் போகும்வரை தாங்குங்கள். ஓடைக்குள் இறங்கும்போது, சுற்றியுள்ள பாசிபிடித்த கற்களுக்கு நடுவே வெளிறித் தெரியும் கூழாங்கல் திட்டு இருந்தால் அதன்மேல் கால் வைக்காதீர்கள். பெண் மீன் வாலால் கிளறி மூடிய இடம் அது, முட்டைகள் வசந்தம்வரை அதற்கடியில் இருக்கும்.