சைகோனில் ரொட்டி தேடி

நம் மன்றத்து நண்பர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவரேனும் அயல்நாடு சென்று திரும்பினால், என்ன கற்றாய் என்று கேட்பவர் ஒருவர். என்ன தின்றாய் என்று கேட்பவர் ஒன்பது பேர். சென்ற ஜூலைத் திங்களில் ஆய்வுப் பயிற்சி ஒன்றிற்காக வியட்நாமின் சைகோன் நகரில் பன்னிரண்டு நாட்கள் தங்கிவந்த என்னையும் அந்த ஒன்பது பேர் விடவில்லை. அங்கே புகழ்பெற்ற 'பான் மீ' என்னும் ரொட்டியை எந்தக் கடையில் உண்பது சிறப்பு என்பதே அவர்கள் கேள்வி. விடுதித் தாழ்வாரத்தில் நின்றபடி சொன்னதை ஒழுங்காக எழுதித் தரும்படி மலர் ஆசிரியர் பணித்தமையால் இக்கட்டுரை எழுந்தது. சைகோன் என்ற பெயர் 1976-இல் ஹோ சி மின் நகரம் என மாற்றப்பட்டது. ஆயினும் அந்நகர மக்கள் நாவில் பழைய பெயரே இன்றும் வழங்குவதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

பான் மீ என்பது ஒரு சாண் நீளமுள்ள கோதுமை ரொட்டி. அதைப் பக்கவாட்டில் பிளந்து, உள்ளே ஈரல் மசியலும் முட்டைக் குழம்பும் தடவி, பன்றி இறைச்சித் துண்டுகளை அடுக்கி, புளிக்காடியும் சர்க்கரையும் கலந்து ஊறவைத்த முள்ளங்கி, காரட் இழைகளையும், வெள்ளரியையும், கொத்தமல்லித் தழையையும், பச்சை மிளகாயையும் திணித்து, ஒரு சொட்டு சோயாச் சாறு விட்டுத் தாளில் சுற்றித் தருகிறார்கள். 'பான்' என்பது அம்மொழியில் பலகாரங்களுக்கெல்லாம் பொதுப்பெயர். 'மீ' என்றால் கோதுமை. மஞ்சள் கலந்த அரிசி மாவில் வார்க்கும், நம் தோசைக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற பண்டத்தையும் 'பான்' என்றுதான் அழைக்கிறார்கள். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பது நினைவுக்கு வரலாம். அது போர்த்துக்கீசியர் தந்த சொல். இது சீனத்திலிருந்து வந்த சொல். ஒலி ஒன்றினும் உறவு கிடையாது. சொல் ஒற்றுமை கண்டவுடன் வரலாறு எழுதத் துணியும் நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக!

பிரெஞ்சுக்காரர் சைகோனைக் கைப்பற்றியது 1859-இல். அவர்களோடு ரொட்டியும் வந்தது. அரிசி விளையும் நாட்டில் கோதுமைக்கு ஏது வழி? மாவு கப்பலில் வரவேண்டும். ஆகவே அது ஆள்வோரின் மேசைப் பண்டமாயிற்று. மக்கள் அதற்கு 'மேற்கத்தியப் பலகாரம்' என்றே பெயரிட்டனர். வசதி படைத்தோரும் ரொட்டியைத் தனியே, இறைச்சியைத் தனியே தட்டில் வைத்துக் கத்தியும் முள்ளும் கொண்டு உண்டார்கள். 1954-இல் நாடு இரண்டாகப் பிளந்தபோது வடக்கிலிருந்து எட்டு முதல் பத்து இலட்சம் பேர் தெற்கே குடிபெயர்ந்தனர். அப்படி ஹனோயிலிருந்து வந்த தம்பதியர் இருவர் 1958-இல் 'ஹோவா மா' என்ற கடையைத் தொடங்கினர். வேலைக்கு ஓடுவோருக்கும் மாணவருக்கும் உட்கார்ந்து உண்ண நேரமேது? ஆகவே ரொட்டியைச் சிறிதாக்கி, எல்லாவற்றையும் அதனுள்ளே வைத்துக் கையில் கொடுத்தார்கள். இன்றைய வடிவத்துக்கு இக்கடையையே முன்னோடியாகப் பலரும் சொல்கிறார்கள். தட்டும் முள்ளும் போயின, விலையும் இறங்கியது. ஆண்டவனின் உணவு உழைப்பவனின் உணவாயிற்று. (இங்கே ஆண்டவன் என்றது கடவுளை அன்று!)

இனி என் தேடலுக்கு வருகிறேன். நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் என் வயிறு இடம் தரவில்லை. ஆய்வுக்கூடப் புத்தி விடுமா? சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்து, கடை, விலை, ஊறலின் புளிப்பு, மேலோட்டின் நொறுங்கல், ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கிய நேரம் எனக் கட்டங்கள் போட்டேன். நேரத்தை அறிய மொழி வேண்டியதில்லை. கைக்கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினால் தள்ளுவண்டிப் பெண்மணிகள் சிரித்துக்கொண்டே விரல்களால் சொல்லிவிடுவார்கள். நான்காம் நாள் இரவு கட்டங்களைக் கூட்டிப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. அதிக மதிப்பெண் பெற்ற கடைகளுக்குள் வேறு எந்தப் பொதுத்தன்மையும் இல்லை. எல்லாம் அடுப்பிலிருந்து இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் நான் உண்டவை. சோதிக்க வேண்டி, ஒரே வண்டியில் காலை ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் வாங்கினேன். முன்னது விரல் பட்டதும் சருகுபோல் நொறுங்கியது. பின்னது, அதே மாவு, அதே கை, தோல் வார்போல் வளைந்தது.

காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. மழைநாளில் திறந்து வைத்த அப்பளம் என்னாகிறது? நமத்துப்போகிறது. அதுவேதான். அடுப்பின் கடும் உஷ்ணத்தில் மேலோட்டின் நீரெல்லாம் ஆவியாகிறது. நீர் அகன்ற மாப்பொருளும் புரதமும் பௌதிக நூலார் 'கண்ணாடி நிலை' என்று கூறும் இறுகிய நிலையை அடைகின்றன; ஆகவே அழுத்தினால் வளையாமல் உடைகின்றன. உள்ளிருக்கும் மெத்தான பகுதியிலோ நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாமல் நீர் இருக்கிறது. அந்த நீர் மெல்ல வெளியே பரவுகிறது. சைகோனின் மழைக்காலக் காற்றும் தன் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மூலக்கூறுகளுக்கிடையே நீர் புகுந்ததும் அவை நெகிழ்கின்றன, ஓடு தோலாகிறது. பான் மீயின் ஓடு மிக மெல்லியது. கெடுவதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

உள்மெத்து கெட்டியாவது வேறு செயல். மாப்பொருள் ஆறும்போது மறுபடியும் படிகமாக ஒழுங்குறுகிறது. குளிர்ப்பெட்டியில் வைத்த சோறு மறுநாள் விறைப்பதும் இதனாலேயே. ஆனால் 60 பாகை சென்டிகிரேடுக்குமேல் சூடேற்றினால் அப்படிகங்கள் உருகி மென்மை திரும்பும். ஓட்டின் ஈரமும் உலரும். தெரிந்த வண்டிக்காரர்கள் சிறு கரியடுப்பு வைத்திருப்பது இதற்குத்தான். அந்த உயிர்ப்பும் சில நிமிடங்களுக்கே. வாங்கிய இடத்திலேயே நின்று தின்பது நாகரிகக் குறைவு அன்று, விஞ்ஞானம்.

இந்த நொறுங்கலுக்கு அரிசி மாவு சேர்ப்பதே காரணம் என்று பயணிகள் பலர் சொல்வார்கள். நான் அடுமனைகளில் கேட்டபோது கோதுமை மாவு மட்டுமே என்றார்கள். அதுவே பொருத்தமாகவும் தோன்றுகிறது. நொதி விடும் வாயுவைப் பிடித்துவைத்து ரொட்டியை உப்பச் செய்வது கோதுமையின் குளூட்டன் என்னும் புரதம். அரிசியில் அது இல்லை. அரிசியைக் கூட்டினால் உப்பல் குறையும்.

பெயர்பெற்ற கடைகளை நான் ஒதுக்கவில்லை. காவ் தாங் தெருவிலுள்ள ஹோவா மா காலையில் மட்டும் நடக்கிறது. சிறு இரும்புச் சட்டியில் முட்டையும் இறைச்சியும் பொரிந்தபடி வர, பக்கத்துச் சந்தில் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து ரொட்டியைத் தோய்த்து உண்ணலாம். நன்று, மிக நன்று. லே தி ரியெங் தெருவின் ஹுயின் ஹோவா கடையில் இறைச்சி மலைபோல் இருக்கிறது. விலை வண்டிக்கடையைப்போல் மூன்று மடங்கு. இருவர் பங்கிட்டால் தாங்கும். என் சுவைக்கு அங்கே ரொட்டி இறைச்சியைச் சுமக்கும் கூலியாகிவிட்டது.

மரக்கறி உண்ணும் நண்பர்கள் மனம் தளர வேண்டாம். 'சாய்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். நம் வளாகத்தில் அது தேநீர். அங்கே அது புலால் நீத்த உணவு. பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி உண்பதால், அந்நாட்களில் சோயாத் தயிர்க்கட்டியும் காளானும் வைத்த ரொட்டி எங்கும் கிடைக்கும்.

அத்தகைய ஒரு நாளில்தான் பென் தான் சந்தைக்கு அருகே, துரோங் தின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் சென்றேன். பிரெஞ்சு ஆட்சியில் வட்டித்தொழில் செய்த செட்டிநாட்டாரும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து எழுத்தராகவும் காவலராகவும் போனவர்களும் வாழ்ந்த நகரம் அது. இன்று அக்கோயிலில் ஊதுவத்தி ஏந்தி நிற்பவருள் பெரும்பாலோர் வியட்நாமியர். நம் அம்மனை அவர்கள் தமதாக்கிக்கொண்டது, பிரெஞ்சு ரொட்டியைத் தமதாக்கிக்கொண்டது போலவே எனக்குத் தோன்றியது. புதுச்சேரிக்கும் அதே ரொட்டி வந்ததே. நாம் ஏன் அதனுள் மாங்காய் ஊறுகாயை வைத்துப் பார்க்கவில்லை?

எந்தக் கடை சிறந்தது என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: என் ஏட்டில் முதலிடம் பெற்றது பெயர்ப்பலகை இல்லாத ஒரு தள்ளுவண்டி. அதற்குப் பின்னால் பத்தடி தூரத்தில் அடுமனை. மணிக்கொரு கூடை ரொட்டி வரும். விலை 20,000 டாங். நம் பணத்தில் அறுபது எழுபது ரூபாய். முகவரி கேட்காதீர்கள், அதற்கு முகவரி இல்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து, அடுமனை மணம் வரும் சந்துக்குள் திரும்புங்கள். அதுபோன்ற வண்டி வேறு எத்தனையோ அங்கே நிற்கும்.