கல்கத்தாவில் உருமாறிய காற்றுப்பெட்டி



பியானோ என்னும் மேனாட்டு வாத்தியத்தைத் திரைப்படங்களிலாவது நீங்கள் கண்டிருப்பீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோனாஸ் சிக்கரிங் 1823-இல் தொடங்கிய பியானோத் தொழிலும், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஸ்டெயின்வே குடும்பத்தார் 1853-இல் நியூயார்க்கில் நிறுவிய தொழிற்சாலையும் உலகப் புகழ் பெற்றவை. அவற்றின் புகழுக்கு அடிப்படை இரும்பு என்றால் வியப்பாக இருக்கும். பெரிய பியானோ ஒன்றில் இருநூறுக்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகள் உள்ளன. அவை அனைத்தும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ இருபது டன். மரச்சட்டம் அதனைத் தாங்காது வளைந்துவிடும். ஆகவே ஒரே வார்ப்பாலான இரும்புச் சட்டத்தை அமைத்தனர். சுருதி நிலைத்தது, வாத்தியமோ அரை டன் எடை ஏறியது.

நான் வாழும் நாவலூரிலிருந்து கோவளம் கடற்கரை சில கல் தொலைவுதான். இங்கு வீசும் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும். சுத்தியல்களில் ஒட்டியுள்ள கம்பளியைப் பூச்சி அரிக்கும். சென்னையில் 1842-இல் தொடங்கப்பெற்ற மிஸ்குவித் கம்பெனி, பிற்காலத்தில் மியூசி மியூசிகல் என்று பெயர் பெற்றது. மேனாட்டு வாத்தியங்களை நம் நகருக்குப் பழக்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் பியானோ மாளிகைகளையும் மாதா கோயில்களையும் தாண்டி நம் சிற்றூர்களுக்குள் வரவில்லை. வந்தது அதன் ஏழை உறவினரான ஆர்மோனியமே.

பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842-இல் ஆர்மோனியத்திற்குக் காப்புரிமை பெற்றார். இதில் கம்பியே கிடையாது. பித்தளைத் தகட்டில் நீண்ட துளை. அத்துளையின்மேல் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு. காற்று துளை வழியே பாயும்போது நாக்கு அதிர்ந்து ஒலிக்கிறது. நாக்கு நீளமாயின் ஒலி தாழும், குறுகின் உயரும். நுனியைச் சிறிது சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பகுதியைச் சுரண்டினால் இறங்கும். சீனத்தாரின் செங் என்னும் பழைய வாத்தியத்திலும் இத்தகைய நாக்கே உண்டு. ஒரு முறை சரிசெய்தால் நெடுங்காலம் பிசகாது. ஈரக் காற்றுக்கும் எளிதில் அஞ்சாது. பாஸ்டனில் 1854-இல் தோன்றிய மேசன் அண்டு ஹாம்லின் என்னும் பியானோக் கம்பெனியும் இவ்வகைக் காற்று வாத்தியங்களைச் செய்தே தலையெடுத்தது. பியானோவைத் தொட்டது 1880-களில்தான்.

ஆனால் ஐரோப்பிய ஆர்மோனியம் மேசை போன்றது. நாற்காலியில் அமர்ந்து இரு கால்களாலும் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்க வேண்டும். பாயில் அமர்ந்து பாடும் நாட்டில் இது எவ்வாறு பொருந்தும்?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகநாத் கோஷ். 1875-இல் அவர் தொடங்கிய வாத்தியக் கடைக்குத் துவார்க்கின் என்று பெயர். துவாரகநாத் என்பதையும், லண்டன் வாத்திய வணிகரான டாக்கின்ஸ் என்பவரின் பெயரையும் இணைத்து அதனைப் படைத்தவர், சத்யஜித் ராயின் பாட்டனாரும் எழுத்தாளருமான உபேந்திரகிஷோர் என்பர். கோஷ் 1880-களில் காலையும் நாற்காலியையும் நீக்கினார். துருத்தியைப் பெட்டியின் பின்புறம் அமைத்தார். இடக்கை துருத்தியை அசைக்க, வலக்கை வாசிக்கலாம்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மேனாட்டு இசையில் பல சுரங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்க வேண்டும். அதற்கு இரு கைகளும் தேவை. நம் இசை ஒற்றைச் சுரமாக நடப்பது. ஒரு கை போதும். எஞ்சிய கையே துருத்திக்கு வேலையாள் ஆயிற்று! வெளித் துருத்தி தள்ளும் காற்று உள்ளே இருக்கும் மற்றொரு துருத்தியில் சேர்கிறது. அங்குள்ள வில் அதனை ஒரே சீராக அழுத்துவதால், கை விட்டு விட்டு அசைந்தாலும் ஒலி அறுபடுவதில்லை. ஆதார சுருதியை இடையறாது ஒலிக்கச் செய்யும் குமிழ்களும் முன்புறத்தில் வந்து சேர்ந்தன. பிறகு நாக்குகள் செய்யும் தொழிலும் நம் நாட்டில் வேரூன்றியது. குஜராத்தின் பாலிதானா ஊர் அதற்குப் பெயர் பெற்றது. இறக்குமதிச் சரக்கு உள்நாட்டுக் கைத்தொழிலாக மாறிய கதை இது.

தமிழ்நாட்டில் இப்பெட்டி முதலில் பற்றிக்கொண்ட இடம் நாடக மேடை. ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆயிரம் பேர் செவிக்கு எட்ட வேண்டும். கால் ஆர்மோனியமும் கைப்பெட்டியும் அங்கே இடம் பெற்றன. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக் கம்பெனி நாடகங்களில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் திரை உயராது. எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய உடன்பிறந்தார் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தார். எங்கள் செங்கற்பட்டுப் பகுதித் தெருக்கூத்திலும் முகவீணையுடன் ஆர்மோனியம் ஒலிப்பதைக் கேட்கலாம். நான் பயின்ற ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் காலை வணக்கப் பாட்டு அதனோடுதான் தொடங்கும். அதில் ஒரு கட்டை ஊமை என்பதால் அச்சுரத்தை மட்டும் நாங்கள் உரக்கப் பாடுவோம்.

சங்கீத அறிஞர் பலர் இவ்வாத்தியத்தை வெறுத்தனர். அவர்கள் கூறிய காரணம் வலுவானது. ஆர்மோனியத்தின் சுரங்கள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தவை. ஸட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இயற்கை விகிதம் நாலுக்கு ஐந்து, அதாவது 1.25; சம பங்குப் பெட்டியிலோ அது ஏறத்தாழ 1.26. சிறிய வேறுபாடுதான், பழகிய செவி அதனை உணரும். அதைவிடப் பெரிய குறை கமகம். தோடி ராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைந்தே உருப்பெறுவது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே வழுக்கிச் செல்ல ஆர்மோனியத்தில் வழியில்லை.

1940 ஜனவரியில் இரவீந்திரநாத் தாகூர், தம் பாடல்களுக்கு ஆர்மோனியம் வேண்டா எனக் கல்கத்தா வானொலி நிலைய இயக்குநருக்கு எழுதினார். அவ்வாண்டு மார்ச் 1-ஆம் நாள் முதல் அகில இந்திய வானொலி இவ்வாத்தியத்தை முற்றாக விலக்கியது. பக்கவாத்தியமாகவும் இடமில்லை. துவார்க்கின் பெட்டி பிறந்த நகரத்திலேயே அதற்கு ஒலிபரப்புக் கதவு மூடப்பட்டது. தோடி பாடுவோருக்கு இது பொருத்தமான துணையன்று என்பதை நான் ஒப்புகிறேன். ஆயினும் நாடகப் பாட்டுக்கும் கவாலிக்கும் பஜனைக்கும் உயிராக இருந்த வாத்தியக்காரரின் பிழைப்பை ஒரே ஆணையால் வானொலிக்கு வெளியே நிறுத்தியது மிகையான செயல் என்பதே என் துணிபு. முப்பத்தோராண்டுகள் கழித்து, 1971-இல்தான் தரம் பெற்ற கலைஞர்களுக்கு அத்தடை தளர்ந்தது.

தடை நீடித்த காலத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. கட்டைகள் இல்லாத ஆர்மோனியமான சுருதிப் பெட்டி, மின்சாரச் சுருதி வரும்வரை கச்சேரி மேடைகளில் மதிப்போடு அமர்ந்திருந்தது. அதனுள் அதிர்ந்ததும் அதே பித்தளை நாக்குதான். இன்னொன்றும் உண்டு. பாடகர் ஒருவரின் சுருதியை ஒரு கட்டை, நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று நாம் கூறுகிறோம் அல்லவா? அந்த எண் ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணியதால் வந்தது. இடையிலுள்ள கறுப்புக் கட்டையே அரை. ஆர்மோனியத்தைத் தீண்டாத வித்துவானும் தம் குரலை அதன் கட்டைகளால்தான் அளந்து சொல்கிறார்.