ரஞ்சன்காவும் அமெரிக்க ‘மஸல் கா’ரும்

புனே நகரிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர், இன்று பெரியதொரு தொழிற்பேட்டையும் ஆகும். பியட் நிறுவனமும் டாட்டா நிறுவனமும் கூட்டாக நிறுவிய மோட்டார்த் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. இதில் பங்குடைய ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்துக்கே அமெரிக்காவின் ‘டாட்ஜ்’ நிறுவனமும் சொந்தம். ஆகவே, டாட்ஜ் செய்த ‘சார்ஜர்’ வண்டியின் ஏற்றமும் இறக்கமும், தொழிற்பேட்டைகளை நம்பித் தாயகம் விட்டு வந்துள்ள தமிழன்பர்கள் அறியத்தக்கவை.

டாட்ஜ் நம் நாட்டுக்குப் புதியதன்று. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, 1947 முதல் பம்பாய் குர்லாவில் டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டி வெளியிட்டது. பின்னர் பியட் வண்டிகளும் அங்கேயே உருவாயின. குர்லாவில் அருகருகே நின்ற அவ்விரு பெயர்களும் 2014-இல் ஒரே நிறுவனமாயின. 2021-இல் அதுவே ஸ்டெல்லாண்டிஸில் இணைந்தது.

‘மஸல் கார்’ என்றால் தசைவலிமை மிக்க வண்டி என்பது பொருள். நடுத்தர அளவுள்ள வண்டியில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்க்கு எட்டும் விலையில் விற்பதே இதன் தத்துவம். 1964-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இதற்கு வழி காட்டிற்று. டாட்ஜ் சார்ஜர் 1966-இல் தோன்றியது. விரும்பியோர் அதில் 7 லிட்டர் கொள்ளளவுள்ள ‘ஹெமி’ எஞ்சினைப் பெறலாம். அதன் ஆற்றல் 425 குதிரைச்சக்தி.

ஹெமி என்பது அரைக்கோளத்தைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம். சிலிண்டரின் மேற்பகுதி கவிழ்த்த கிண்ணம்போல் குடையப்பட்டிருக்கும். அதனால் பெரிய வால்வுகளை எதிரெதிராகச் சாய்த்து வைக்க இடம் கிடைக்கிறது. பெட்ரோலும் காற்றும் தடையின்றிப் புகுகின்றன, எரிந்த புகையும் விரைந்து வெளியேறுகிறது.

1969-இல் கூரிய மூக்கும் உயர்ந்த பின்னிறக்கையும் கொண்ட ‘சார்ஜர் டேட்டோனா’ வந்தது. 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா பந்தயத் தடத்தில் பட்டி பேக்கர் இவ்வண்டியை மணிக்கு 200 மைலுக்கு மேல், அதாவது 322 கிலோமீட்டருக்கும் மேல், ஓட்டிக் காட்டினார்.

உச்சியைத் தொட்ட அவ்வாண்டிலேயே இறக்கமும் தொடங்கிற்று. 1970-இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம் நச்சுப் புகையைக் குறைக்கப் பணித்தது. விபத்துகளுக்கு அஞ்சிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இவ்வண்டிகளுக்குக் கட்டணத்தை உயர்த்தின. 1971-உடன் பழைய ஹெமி நின்றது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுக்கவே, சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எஞ்சின் பழுதுபட்டதால் அன்று, அதைச் சூழ்ந்த உலகம் மாறியதால் மஸல் கார் மறைந்தது.

சார்ஜர் என்ற பெயர் 2005-இல் புதிய ஹெமியுடன் மீண்டு, கனடாவின் பிராம்ப்டன் தொழிற்சாலையில் வளர்ந்தது. அங்கு 2023 டிசம்பரில் உற்பத்தி நின்றது. சுமார் 3,000 தொழிலாளரைக் கொண்டிருந்த அத்தொழிற்சாலைக்கு அடுத்து ‘ஜீப் காம்பஸ்’ வண்டி தரப்படும் என்றிருந்தது. 2025 அக்டோபரில் அப்பணி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்கு மாற்றப்படுவதாக அறிவிப்பு வந்தது. புதிய சார்ஜரோ மின்சாரத்திலும், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினிலும் ஓடுகிறது.

அந்தக் காம்பஸ் வண்டியே 2017 முதல் ரஞ்சன்காவில் உருவாகி, கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றது. ரஞ்சன்காவும் இத்தகைய மாற்றங்களைக் கண்டதுதான். இங்கு 2015-இல் வெளிவந்த ‘அபார்த் புன்டோ’, 1.4 லிட்டர் எஞ்சினிலேயே 145 குதிரைச்சக்தி தந்தது. ஆயினும் பியட் பெயர் தாங்கிய வண்டிகள் சில ஆண்டுகளில் சந்தையை விட்டு நீங்கின. இங்கு செய்யப்பட்ட புகழ் பெற்ற 1.3 லிட்டர் டீசல் எஞ்சினும், 2020 ஏப்ரலில் புகை பற்றிய பாரத் நிலை ஆறு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது விடைபெற்றது. தொழிற்சாலையோ வேறு வண்டிகளை ஏற்று நிலைத்தது.

ஒரு வண்டியின் புகழ் அதைச் செய்யும் தொழிலாளிக்குக் காப்பன்று என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது. எண்ணெய் விலை, புகை விதி, வாங்குவோர் விருப்பம் ஆகியவை எங்கோ மாறினாலும், அவற்றின் விளைவு நம் பட்டறை வாயிலை வந்தடையும். ஆதலின், இன்று பெட்ரோல் எஞ்சினைப் பூட்டும் கைகள் நாளை மின்கலத்தையும் மின்மோட்டாரையும் பூட்ட இப்போதே பழகிக்கொள்வது, தொலைதூரம் வந்து உழைக்கும் குடும்பங்களுக்குப் பெருந்துணையாகும்.