மூன்று சில்லுச் சைக்கிள்: ஆளை அளந்து வாங்குவோம்

நடக்க இயலாத ஒருவருக்கு மூன்று சில்லுச் சைக்கிள் வழங்குவது எமது பங்குகளும் சங்கங்களும் விரும்பிச் செய்யும் உதவிகளுள் ஒன்றாகும். 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்ற பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இத்தகைய கையளிப்பு வைபவங்கள் பல நடைபெற்றன. மாலை, உரை, புகைப்படம் எல்லாம் குறைவின்றி நடக்கும். ஆனால் சில மாதங்கள் கழித்து அந்த வீட்டுக்குப் போனால், வண்டி வேலியோரம் துருவேறி, கோழிகள் அடையும் இடமாகி நிற்பதையும் காண நேர்கிறது. கொடுத்தவர் "அவர் அதைப் பேணவில்லை" என்பார். பெற்றவரோ வாய் திறவார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பதல்லவா எமது பழமொழி!

இந்த மாட்டைப் பொறுத்தவரை பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். வண்டி பயன்படாமற் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பெற்றவரின் சோம்பல் அன்று. வண்டி அவருடைய உடம்புக்கும் அவருடைய ஒழுங்கைக்கும் பொருந்தாமையே. எனவே வாங்குமுன் எதைப் பார்ப்பது, வாங்கிய பின் உள்ளூர்ப் பட்டறையில் எதை மாற்றுவது என்பவற்றை இங்கு விளக்க முயல்வோம்.

முச்சக்கர வண்டி என்றால் இன்று எவருக்கும் ஓட்டோவே நினைவுக்கு வரும். நாம் பேசுவது அதுவன்று. சாய்மானம் உள்ள ஆசனத்தில் அமர்ந்து, கால்களை முன்னே தாங்கிமீது வைத்து, கைகளால் பெடலைச் சுற்றி ஓட்டும் வண்டியே இது. இதன் வரலாறு நீண்டது. ஜேர்மனியின் நூரன்பேர்க் நகருக்கு அண்மையில் வாழ்ந்த, நடக்க இயலாத ஸ்ரெபான் பார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளி 1655ஆம் ஆண்டு கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டியொன்றைத் தமக்கெனத் தாமே செய்தார். ஓட்டப் போகிறவரே அதனை அமைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

யாருக்கு உகந்தது?

கைகளிலும் தோள்களிலும் பலம் உள்ள, நிமிர்ந்து அமரக்கூடிய ஒருவருக்கு, வெளியே தூரம் போய்வர இவ்வண்டி மிகவும் உதவும். சக்கர நாற்காலியில் இரண்டு கிலோமீற்றர் கிரவல் வீதியில் போவது பெருந் துன்பம். மூன்று சில்லுச் சைக்கிளில் அது இயலக்கூடிய காரியம். ஆயினும் இது சக்கர நாற்காலிக்கு மாற்றீடு அன்று. இது நீளமானது, வீட்டுக்குள் திரும்பாது, மலசலகூடத்துக்குப் போகாது. வீட்டுக்குள் நடமாட ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ வேண்டியே இருக்கும். ஒருவரிடமுள்ள நாற்காலியைத் திருப்பி வாங்கிக்கொண்டு இதனைக் கொடுப்பது அவரை வீட்டுக்குள் முடக்குவதாகும்.

கால்கள் ஓரளவு இயங்கினாலும் உடற்சமநிலை இல்லாதவர்களும் உள்ளனர். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் பலங்குன்றியவர்களை இதற்கு உதாரணமாகக் கூறலாம். இவர்களுக்குக் கையால் சுற்றும் வண்டியை விட, சாய்ந்து அமர்ந்து காலால் மிதிக்கும் மூன்று சில்லுச் சைக்கிள் பொருந்தக்கூடும். பலமற்ற பாதம் பெடலிலிருந்து நழுவாதபடி குதிகாலைத் தாங்கும் தகடும் பட்டியும் அதில் இருக்க வேண்டும். மேலைநாடுகளில் விற்கப்படும் இவ்வகை வண்டிகள் பல நிலத்தோடு ஒட்டிய ஆசனம் உடையவை. அவற்றிலிருந்து எழுவது கடினம். பஸ்ஸும் லொறியும் ஓடும் வீதியில் சாரதியின் கண்ணுக்கு அவை எளிதில் தென்படவும் மாட்டா. ஆதலால் ஆசனம் கதிரை உயரத்தில் உள்ளதையே தேடுதல் நன்று.

ஆளை அளத்தல்

எரிக்கோவில் பார்வையற்ற பர்த்திமேயு கூக்குரலிட்டபோது, அவருடைய தேவை வெளிப்படையாகத் தெரிந்திருந்தும், உமக்கு என்ன செய்ய வேண்டும் என்றே ஆண்டவர் முதலில் கேட்டார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். எங்கே போக விரும்புகிறீர்கள்? கடற்கரைக்கா, சந்தைக்கா, பிள்ளையின் பாடசாலைக்கா? வழியில் மணலா, ஏற்றமா, ஒடுங்கிய மதகா? படலையின் அகலம் என்ன? இவற்றை எழுதிக்கொண்ட பின்னரே அளவுநாடாவை எடுக்க வேண்டும்.

அளவுகள் நான்கு போதும். அவரைத் தட்டையான வாங்கில் நிமிர்ந்து அமரச் செய்து அளக்க வேண்டும்.

முதலாவது, இடுப்பின் அகலம். ஆசனத்தின் அகலம் இதற்குச் சமமாக இருத்தல் வேண்டும். பெரிதாயின் உடல் ஒரு பக்கம் சரியும்.

இரண்டாவது, பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் உட்புறம் வரையான நீளம். இதில் 3 முதல் 5 சென்ரிமீற்றர் குறைத்து ஆசனத்தின் ஆழத்தை அமைக்க வேண்டும். ஆழம் கூடினால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னே அழுத்தும். அவரும் முன்னே வழுகி வருவார்.

மூன்றாவது, முழங்காலின் உட்புறத்திலிருந்து குதிகால் வரையான உயரம். காற்தாங்கியின் இடம் இதனால் தீர்மானிக்கப்படும். மெத்தையின் தடிப்பையும் கணக்கிற் சேர்க்க மறக்கலாகாது.

நான்காவது, கையின் எட்டம். கைப்பிடி மிகத் தூரத்தில் நிற்கும்போது முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். முதுகு சாய்மானத்தை விட்டு விலகக் கூடாது. மிகக் கிட்ட வரும்போது கை தொடையிலோ வயிற்றிலோ முட்டக் கூடாது. சுற்றும் அச்சு தோளுக்கு மேலே இருந்தால் தோள்மூட்டு விரைவில் நோகும்.

இரு கால்களையும் தொடையளவில் இழந்தவருக்கு ஒரு விசேட கவனம் தேவை. கால்களின் பாரம் முன்னே இல்லாததால் உடற்பாரம் பின்னோக்கி விழுகிறது. ஏற்றத்தில் வண்டியின் முன்சில்லு கிளம்பக்கூடும். ஆசனத்தைப் பின் அச்சுக்கு முன்னே சற்று நகர்த்திப் பொருத்தினால் இந்த ஆபத்துக் குறையும்.

பல்லை எண்ணுதல்

வண்டி பாரமாக இருக்கிறது என்று ஓட்டுபவர் சொன்னால், எண்ணெய் போடுமுன் பல்லுச் சக்கரங்களின் பற்களை எண்ணிப் பாருங்கள். சாதாரண சைக்கிளில் பெடல் பக்கத்துச் சக்கரத்தில் 44 பற்களும் பின்சில்லின் பிறீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடலை ஒரு தரம் சுற்றினால் சில்லு ஏறத்தாழ இரண்டரைத் தரம் சுற்றும். 26 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீற்றர் என்பதால், வண்டி 5 மீற்றர் நகரும். தொடைத் தசைகளுக்கு இது சரி. கைத்தசைகள் அவற்றிலும் சிறியவை. மணலிலும் ஏற்றத்திலும் அவற்றுக்கு இது தாங்காது.

பெடல் பக்கத்தில் 22 பல் உள்ள சிறிய சக்கரத்தைப் போட்டால் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ இரண்டரை மீற்றரே நகரும். வேகம் பாதியாகும், ஆனால் கைக்கு வேண்டிய பலமும் பாதியாகும். மணல் வழியில் போகிறவருக்கு இந்த ஒரு மாற்றமே வண்டி ஓடுவதற்கும் ஓடாமல் நிற்பதற்கும் இடையிலான வேறுபாடாகும்.

கடையில் பார்க்க வேண்டியவை

செயின் எந்தச் சில்லை இழுக்கிறது என்று பாருங்கள். முன்சில்லை இழுக்கும் வகையில் அமைப்பு எளிது. ஆனால் முன்னே பாரம் குறைவாதலால் மணலிலும் ஏற்றத்திலும் சில்லு வழுகும். பின்சில்லொன்றை இழுக்கும் வகையில் பிடிப்பு நன்றாயிருக்கும். வண்டி சற்று ஒரு பக்கம் இழுப்பதை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும்.

சுற்றும் பெடலே காண்டிலாகவும் இருந்தால், இரண்டு கைப்பிடிகளும் ஒன்றாக மேலெழுந்து ஒன்றாகக் கீழிறங்குவது நன்று. கால் பெடல்போல் ஒன்று மேலும் மற்றது கீழுமாக இருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் வண்டி இடமும் வலமும் ஆடும்.

பின்சில்லுகள் எப்படித் தாங்கப்பட்டுள்ளன என்பதும் முக்கியம். சாதாரண சைக்கிள் அச்சு இரு பக்கமும் பிடிக்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. அதனை ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிறுத்தினால் குழியில் விழும்போது வளையும். இரு பக்கமும் பிடிப்புள்ள சட்டத்தை, அல்லது தடித்த அச்சுள்ளதைத் தெரிவுசெய்ய வேண்டும். இரண்டு சில்லுச் சைக்கிள் திரும்பும்போது சரிந்து கொடுக்கும். மூன்று சில்லு சரியாது. ஆகவே பக்கவாட்டு விசை முழுவதையும் கம்பிகளே தாங்குகின்றன. 32 கம்பிகள் உள்ள சில்லை விட 40 கம்பிகள் உள்ளது உறுதியானது.

பிறேக் ஒன்று போதாது. ஓடும்போது பிடிக்க ஒன்றும், நிறுத்தியபின் பூட்டிவைக்க ஒன்றும் வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி நகர்ந்தே பல விழுகைகள் நிகழ்கின்றன. இறுதியாக, ரயரும் ரியூப்பும் செயினும் ஊர்ச் சைக்கிள் கடையில் கிடைக்கும் அளவா என்று கேளுங்கள். மூன்று சில்லும் ஒரே அளவாயின் ஒரு ரியூப்பை மேலதிகமாக வைத்திருந்தாலே போதும்.

பட்டறையில் செய்யக்கூடிய மாற்றங்கள்

முதலில் மெத்தை. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்கு இருக்கையில் உணர்ச்சி இருக்காது. கடின பலகையில் சில மணித்தியாலங்கள் இருந்தாலே தோல் பழுதடைந்து படுக்கைப் புண் தொடங்கலாம். அது எலும்புவரை ஆழமாகி உயிருக்கே ஆபத்தாகும். அடியில் கடினமான போம், மேலே மென்மையான போம் என இரு படையாக வைத்து, பருத்தி உறை போட வேண்டும். வெறும் றெக்சீன் வியர்வையைத் தேக்கும். மெத்தை இருந்தாலும், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது முன்னே குனிந்தோ பக்கம் சாய்ந்தோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இரவில் தோல் சிவந்துள்ளதா என்று வீட்டார் பார்க்க வேண்டும். இவ்வகைப் பாதிப்புள்ளவருக்கு வண்டி வாங்குமுன் ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவரைக் கேட்காமல் இருக்கலாகாது.

ஊன்றுகோலுக்கு ஒரு பீ.வீ.சீ. குழாய்த் துண்டு, பாதத்துக்கு ஒரு பட்டி, பின்னே சிவப்பு ஒளித்தெறிப்பான், ஒரு மணி, சிறு கொடி ஆகியன செலவு குறைந்தவை. பிடிக்கும் பலம் குறைந்த கைக்கு, கைப்பிடியைச் சீலையால் தடிப்பாகச் சுற்றி ஒரு பட்டி போடலாம். மீன்பெட்டியோ மரக்கறிப் பெட்டியோ பூட்டுவதானால் பாரம் பின் அச்சுக்கு நேர்மேலே அமைய வேண்டும். அதற்குப் பின்னே தொங்கினால் முன்சில்லு கிளம்பும். சட்டத்தின் குழாயில் கண்ட இடத்தில் வெல்டிங் செய்வதைத் தவிர்த்து, முடிந்தவரை கிளாம்பினால் பொருத்துவது நன்று. மெல்லிய குழாய் சூட்டினால் பலமிழக்கும். கடற்கரைக் கிராமங்களில் நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பதும் வெல்டிங் செய்த இடங்களுக்கு உடனே வர்ணம் பூசுவதும் அவசியம்.

கொடுத்த பின்

உலக சுகாதார தாபனம் 2008ஆம் ஆண்டு சக்கர நாற்காலிச் சேவை பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அது அச்சேவைக்கு எட்டுப் படிகளைக் கூறுகிறது. ஆளை அறிந்து அனுப்புதல், மதிப்பிடுதல், பரிந்துரைத்தல், பணம் ஒழுங்கு செய்தல், தயார்செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி அளித்தல், பராமரிப்பும் திருத்தமும் என்பன அவை. மூன்று சில்லுச் சைக்கிளுக்கும் இவை பொருந்தும். எமது வைபவங்களோ பணம் ஒழுங்கு செய்வதோடும் வண்டியைக் கொண்டுவருவதோடும் முடிந்து விடுகின்றன.

இதற்கு மாற்றாக எமது சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். வண்டிக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் திருத்த வேலைக்கு முன்கூட்டியே வைத்தல் ஒன்று. ஊர்ச் சைக்கிள் திருத்துநரை அளவெடுக்கும் நாளிலேயே அழைத்து வருதல் இன்னொன்று. கொடுத்து ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும், ஆறு மாதத்திலும் போய்ப் பார்த்தல் மூன்றாவது. போகும்போது ஓர் அடிமட்டத்தைக் கொண்டு போகலாம். செயினின் 24 கண்ணிகள் புதிதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 1/16 அங்குலத்தைத் தொட்டால் செயினை மாற்ற வேண்டும். அல்லது பல்லுச் சக்கரமும் தேய்ந்து, செலவு இரட்டிப்பாகும்.

இதனை இரக்கச் செயலாக மட்டும் நோக்குவது போதாது. மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்று உறுதிப்படுத்தியது. தாம் விரும்பும் முறையிலும் நேரத்திலும், தாங்கக்கூடிய செலவில் நடமாட அவர்களுக்கு வழிசெய்ய வேண்டும் என்று அதன் 20ஆம் உறுப்புரை கூறுகிறது. உரிமை உள்ளவர் பொருந்தாத வண்டியைப் பொருந்தாது என்று சொல்லலாம். அவ்வாறு சொன்னால் நன்றியற்றவர் என்று பெயர் வருமே என அஞ்சாத சூழலை உண்டாக்குவது கொடுக்கும் எமது கடமை.

இன்னுமொன்று. அளவெடுத்து, பல் எண்ணி, மெத்தை தைத்துக் கொடுத்த வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலுக்கு வந்து சேர்ந்தால், அங்கே இரண்டு படிகள் நிற்கலாம். படியின் மொத்த உயரம் 30 சென்ரிமீற்றர் எனின், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் 3.6 மீற்றர் நீளமான சாய்தளம் போதும். சில மூடை சீமெந்தும் ஒரு நாள் சிரமதானமும் அதற்குத் தேவை. அடுத்த வண்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்குமுன், ஒவ்வொரு பங்குச் சபையும் தன் ஆலயத்தின், தன் பாலர் பாடசாலையின், தன் சனசமூக நிலையத்தின் படிகளை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.